மறுகால் போகிற வழி: ஒரு பல்கலைக்கழகப் புவியிடத் தொழில்நுட்ப மையத்தில் நான் கற்றவை

வைகை வடிநிலத்துக் கண்மாய்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு முடியும் தறுவாயில், நான் வரைந்த முதல் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பரமக்குடிக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்துக்குப் போனேன். சாவடியில் அதை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலைகளிலும் கல் வைத்தோம். கண்மாய்கள் நீல நிறத்திலும், ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் செல்லும் பாதைகள் மெல்லிய கோடுகளாகவும் இருந்தன. அந்தக் கோடுகளைக் கணினி வரைந்திருந்தது. அந்த ஊரில் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர், எழுபது வயதைக் கடந்தவர், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, எங்க கண்மாய்த் தண்ணி மேட்டுல ஏறியா போகும்?" என்று கேட்டார்.

உபரிநீர் வழியும் கலுங்கு கண்மாயின் வடகோடியில் இருந்தது. நிரம்பி வழியும் தண்ணீர் அங்கிருந்து மறுகாலாக இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு கீழைக் கண்மாய்க்குப் போகும் என்று அவர் விளக்கினார். என் வரைபடத்திலோ தண்ணீர் தென்கோடியில் கரையை அறுத்துக்கொண்டு வேறொரு கண்மாயில் போய்ச் சேர்ந்தது. என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அந்தக் கோட்டை அடித்துவிட்டு, சரியான பாதையை அவரே வரைந்தார். அந்தக் கோடு ஏன் தவறாக விழுந்தது என்று தேடத் தொடங்கியதிலிருந்துதான் இந்தத் துறையில் என் உண்மையான படிப்பு தொடங்கியது. இப்போது அதே போன்ற ஒரு மையத்தில் கற்பிக்கிறேன். புதிதாக இத்துறைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் என் அனுபவங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகங்களில் இயங்கும் இத்தகைய மையங்களின் வேலையைக் கல்வி, ஆராய்ச்சி, பொதுச்சேவை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். முதுநிலைப் பட்ட வகுப்புகளும் அரசு அலுவலர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்குமான குறுகிய காலப் பயிற்சிகளும் கல்விக் கோப்பில் இருக்கும். நிதியுதவியோடு நடக்கும் திட்டங்கள் ஆராய்ச்சிக் கோப்பில் இருக்கும். ஊராட்சிக்கு நீர்நிலை வரைபடம் தருவது, புயலுக்குப் பின் சேத மதிப்பீட்டுக்கு உதவுவது போன்றவை மூன்றாவது கோப்பில் இருக்கும். நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவினை தேவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சாவடியில் எனக்கு நேர்ந்தது எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சியின் பிழை பொதுச்சேவையின்போது வெளிப்பட்டது. அதைத் திருத்தியதுதான் எனக்குக் கிடைத்த கல்வி.

நில அளவைக் கல்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-இல் சென்னையில் ஏற்பட்ட நில அளவைப் பள்ளிதான். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெருமுயற்சியின் அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகில் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். அந்தக் காலத்து அளவையாளர்கள் அளந்த இடம் ஒவ்வொன்றுக்கும் நடந்தே போக வேண்டியிருந்தது. நாம் ஓர் அறையில் உட்கார்ந்தபடி ஒரு மாவட்டத்தையே ஒரு பிற்பகலில் வகைப்படுத்திவிடுகிறோம். அந்த வசதியின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடக்காமல் விட்ட தொலைவு வரைபடத்தில் எங்கோ பிழையாகத் தங்கிவிடுகிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்த மறுகால் கோட்டுக்கு வருகிறேன். கணினி நீரோட்டப் பாதையை வரைவதற்கு நிலத்தின் உயரத் தரவு வேண்டும். நாங்கள் பயன்படுத்தியது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள் ரேடார் வழியே எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு. இலவசமாகக் கிடைக்கிறது, உலகின் பெரும்பகுதியை உள்ளடக்குகிறது, மலைப்பாங்கான வருசநாட்டுப் பகுதியில் அது வரைந்த ஓடைகள் நிலவரைபடத் தாள்களோடு நன்றாகப் பொருந்தின. ஆனால் பரமக்குடிக்குக் கிழக்கே நிலம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே சரிகிறது. தரவிலோ சில மீட்டர் பிழை இயல்பாகவே உண்டு. சரிவைவிடப் பிழை பெரிதாக இருக்கும் இடத்தில் நீர் எந்தத் திசையில் ஓடும் என்று கணினியால் எப்படிச் சொல்ல முடியும்? மேலும், 30 மீட்டர் பிக்சலில் (படத்தின் மிகச் சிறிய கட்டத்தில்) கண்மாய்க் கரை ஒரு மெல்லிய வரப்பாகக்கூடத் தேறாது. பல இடங்களில் அறுந்துபோகும். இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம், அந்த ரேடார் அலை மண்ணைத் தொடுவதற்கு முன்பே மரக்கூட்டத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும் என்பதுதான். கண்மாயில் தண்ணீர் தேங்கும் உட்பகுதியான உள்வாய் முழுவதும் சீமைக் கருவேலம் அடர்ந்திருந்ததால், தரவில் அது பள்ளமாக இல்லாமல் மேடாகவே பதிந்திருந்தது. பெரியவர் கேட்ட கேள்வி சொல்லுக்குச் சொல் சரியானது.

அதன் பிறகு சமவெளிக் கண்மாய்களின் சங்கிலித் தொடரைக் கணினியை நம்பி வரைவதில்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு கண்மாய்க்கும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடைகள் எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் எங்கே போய்ச் சேருகிறது என்ற நான்கு கேள்விகளைக் கொண்ட ஒரு தாளை அச்சடித்து, ஊர் ஊராகக் கேட்டு நிரப்பினோம். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் சொல்வது பலருக்கும் தெரிந்திருக்கும். மடைகளின் எண்ணிக்கையை ஒரு சொல்வழக்காகவே நினைவில் வைத்திருக்கும் ஊர்களில் கேட்காமல் வரைவது வீண்வேலை. இதில் ஒரு நடைமுறைக் குறிப்பு: ஒரே ஆளிடம் கேட்டு முடித்துவிடக் கூடாது. மேலைக் கண்மாய்க்காரரும் கீழைக் கண்மாய்க்காரரும் ஒரே மறுகாலைப் பற்றி வெவ்வேறாகச் சொல்வார்கள். இருவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கால்வாயில் நடந்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இரண்டாவது பாடம் என் சொந்தக் கவனக்குறைவால் கிடைத்தது. வைகை வடிநிலம் ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இடங்களை எண்களால் குறிக்கும் யு.டி.எம். என்ற ஆயமுறையில் உலகம் ஆறு ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 43-ஆம் மண்டலத்தையும் 44-ஆம் மண்டலத்தையும் பிரிக்கும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை திருமங்கலத்தை உரசியபடி போகிறது. ஆகவே தேனியும் உசிலம்பட்டியும் ஒரு மண்டலத்தில், மதுரையும் பரமக்குடியும் மற்றொன்றில் அமைகின்றன. மேற்குப் பகுதியை என் தோழி ஒரு மண்டலத்திலும், கிழக்குப் பகுதியை நான் அடுத்த மண்டலத்திலும் இலக்கமாக்கினோம். திரையில் இரண்டும் அழகாகப் பொருந்தின, ஏனென்றால் மென்பொருள் தானாகவே மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. ஆயத்தொலைவுகளை ஒரே அட்டவணையில் சேர்த்து மீண்டும் வரைந்தபோது, உசிலம்பட்டிக் கண்மாய்கள் அத்தனையும் இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் போய் விழுந்தன. இரண்டு வாரத்து வேலையைத் திரும்பச் செய்தோம். வடிநிலம் இரண்டு மண்டலங்களில் விழுந்தால், தொடங்கும் முன்பே ஒரே ஆயமுறையைத் தீர்மானித்து அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்பதை இப்போது எல்லாத் திட்டங்களிலும் விதியாக வைத்திருக்கிறேன். பழைய நிலவரைபடத் தாள்கள் பூமியின் வடிவத்தைக் கணக்கில் குறிக்கும் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கோளவுருவை என்பதும் இதோடு சேர்ந்தது. இதைக் கவனிக்காவிட்டால் ஊருணி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து யாரோ ஒருவரின் வயலில் உட்கார்ந்துவிடும்.

உயரத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாயின் மடைமட்டத்தைத் துல்லிய ஜி.பி.எஸ். கொண்டு அளக்கப் போன மாணவர் மாலையில் மிகவும் கலங்கிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். கருவி காட்டிய உயரம் எதிர்க்குறியில் எண்பது மீட்டருக்கும் மேல் இருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்றே அவர் முடிவு செய்திருந்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. ஜி.பி.எஸ். உயரத்தை அளப்பது கணக்கில் வரையறுத்த ஒரு நீள்கோளத்திலிருந்து; நாம் பேசும் கடல்மட்டமோ பூமியின் ஈர்ப்பைப் பொறுத்தது. உலகிலேயே இந்த இரண்டுக்குமான இடைவெளி மிக ஆழமாக இருக்கும் இடம் இந்தியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே அது ஏறக்குறைய 106 மீட்டர். தென்தமிழ்நாடு அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் தமிழ்நாட்டில் கருவியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே சந்திக்கும் செய்தியும் இதுதான். வகுப்பில் ஐரோப்பிய எடுத்துக்காட்டுகளை வைத்துக் கற்பித்துவிட்டு மாணவரைக் களத்துக்கு அனுப்பினால், அவர் கருவியைத்தான் சந்தேகிப்பார். கண்மாயில் மடைமட்டம், கலுங்குமட்டம், கரைமட்டம் இவற்றின் வேறுபாடு மட்டும் தேவை என்றால், உயரம் ஏற்கெனவே தெரிந்த, அருகிலுள்ள நிலைக்குறியிலிருந்து லெவலிங் கருவியால் மட்டம் எடுப்பதே போதுமானது, செலவும் குறைவு.

சீமைக் கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலிவண்ணச் செயற்கைக்கோள் படத்தில் செழித்த தாவரம் சிவப்பாகத் தெரியும் என்பதை முதல் வாரத்திலேயே கற்பித்துவிடுகிறோம். ஆகவே கண்மாய்க்குள் சிவப்பைப் பார்க்கும் மாணவர் அதைப் பயிர் என்றோ காடு என்றோ வகைப்படுத்துகிறார், கண்மாயின் பரப்பு சுருங்கிவிட்டதாகக் கணக்கிடுகிறார். உண்மையில் கண்மாய் அங்கேயேதான் இருக்கிறது. உள்வாயில் கருவேலம் நிற்கிறது. இதைப் பிரித்தறிய எங்களுக்குக் கைகொடுத்த வழி மிக எளிமையானது: அறுவடையெல்லாம் முடிந்து புல்லும் காய்ந்துபோன மே மாதப் படத்தை எடுத்துப் பார்ப்பது. மானாவாரி நெல் நின்ற இடமெல்லாம் வெறும் மண்ணாகத் தெரியும்போதும் கருவேலம் பசுமையாகவே நிற்கும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. கரிமூட்டத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவதால் சில இடங்கள் திடீரென்று வெறுமையாகத் தெரியும். கண்மாய் தூர்வாரப்பட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. இதை எங்களுக்குச் சொன்னவர் மூட்டம் போடும் ஒரு பெண்மணி.

கண்மாய் நிரம்பும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வானம் மேகத்தால் மூடியிருக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டுமாகச் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் பிக்சலில் படம் தந்தாலும், நவம்பரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை மேகம்தான். சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் கருவேலம் அடர்ந்த உள்வாயில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் அது கறுப்பாகத் தெரியாது. மரக்கூட்டமே அலையைத் திருப்பிவிடுகிறது. இதை அறியாமல் நீர்ப்பரப்பைக் கணக்கிட்டால் நிரம்பிய கண்மாய் பாதி வறண்டதாக அறிக்கையில் பதிவாகும், அந்த அறிக்கையை நம்பி யாரோ ஒரு முடிவு எடுப்பார்கள். சின்ன நீர்நிலைகளுக்கும் இதே கதிதான். அரை ஏக்கர் ஊருணி ஒன்று 23.5 மீட்டர் பிக்சல் கொண்ட படத்தில் ஏறத்தாழ நான்கே பிக்சல். 10 மீட்டர் படத்தில் இருபது. நான்கு பிக்சலை வைத்துக்கொண்டு ஊருணி அழிந்துவிட்டது என்று எழுதுவது அறமாகாது.

களச் சரிபார்ப்பில் எல்லா மாணவர்களும், நானும்தான், செய்யும் தவறு ஒன்றுண்டு. வாகனம் போகும் சாலையோரத்திலேயே புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். சாலையோரத்தில் இருப்பவை பெரிய வயல்கள், தெளிவான எல்லைகள். ஆகவே வகைப்பாட்டின் துல்லியம் மிக உயர்வாக வந்துவிடும். புள்ளிகளைக் கணினி தற்போக்காகத் தேர்ந்தெடுக்க விட்டு, அவை முள்காட்டுக்குள் விழுந்தாலும் போய்ப் பார்ப்பது என்று வைத்த பிறகு எங்கள் துல்லியம் கணிசமாகக் குறைந்தது. மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும், குறைந்த அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுதினோம். திட்டக் கூட்டத்தில் அதற்காக நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளக்கம் கேட்டவர்களில் சிலருக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஆனாலும் அதுவே உண்மையான எண்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தென்னை இழப்பை விரைந்து மதிப்பிட உதவும்படி பல திசைகளிலிருந்தும் கேட்டார்கள். புயலுக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டுப் பசுமைக் குறியீடு எங்கே குறைந்தது என்று பார்த்தோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைச் செய்தித்தாள் படங்களில் பார்த்துக்கொண்டிருந்தோம்; எங்கள் கணக்கிலோ இழப்பு நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. நேரில் போனபோதுதான் புரிந்தது: வேரோடு சாய்ந்த தென்னையின் மட்டைகள் தரையில் கிடந்தாலும் உடனே காய்ந்துவிடுவதில்லை, மேலிருந்து பார்க்கும் கோளுக்கு அது பச்சையாகவே தெரிகிறது. நாட்கள் செல்லச் செல்லத்தான் படத்தில் இழப்பு கூடிக்கொண்டே வந்தது. நிவாரணம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த இடைவெளியின் பொருள் என்ன என்று எண்ணிப் பார்த்தால், முதல் வாரத்து வரைபடத்தை இறுதியானது என்று ஒப்படைக்காமல் இருந்ததற்காக இன்றும் நிம்மதி கொள்கிறேன்.

கிராமங்களுக்கு வரைபடத்தோடு போகும்போது தவறாமல் எழும் ஒரு கோரிக்கை நில எல்லையைப் பற்றியது. "இதுல எங்க புல எண்ணைக் காட்டுங்க மேடம், பக்கத்துக்காரர் எவ்வளவு தள்ளி வந்திருக்காருனு தெரிஞ்சிடும்" என்பார்கள். எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்ப்பது எங்களால் இயலும்; ஆனால் அந்தப் பொருத்தத்தில் சில மீட்டர் பிழை தவிர்க்க முடியாதது, அந்தச் சில மீட்டருக்காகவே ஊரில் பகை இருக்கும். எனவே எல்லைப் பிரச்சினைக்கு எங்கள் வரைபடம் சான்றாகாது, வட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து நில அளவரை வைத்து அளந்துகொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஊருக்குத் தரும் பிரதிகளில் தனியார் புல எல்லைகளை அச்சிடுவதில்லை. வரைபடத்தின் அடியில் பெரிய எழுத்தில் தமிழில் 'திட்டமிடலுக்கு மட்டும்' என்று போடுகிறோம். ஒருமுறை இந்த எச்சரிக்கையின்றிக் கொடுத்த பிரதி ஒரு தகராறில் முன்வைக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

வரைபடத்தின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். ஊருக்குக் கொடுப்பது பெரிய தாளில், தமிழ்ப் பெயர்களோடு இருக்க வேண்டும். கோயில், பள்ளி, சுடுகாடு, பேருந்து நிறுத்தம், மந்தை ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மக்கள் வரைபடத்துக்குள் நுழைகிறார்கள். போலிவண்ணம் வேண்டாம், இயல்வண்ணம் போதும். கண்மாயின் பெயரை வருவாய்ப் பதிவேட்டில் உள்ளபடியும் ஊர்வழக்கிலும் இரண்டாக எழுதினால் சண்டை குறையும்.

இத்தகைய மையங்களின் பெரிய பலவீனம் நினைவு தொடராமல் போவது. திட்டம் மூன்றாண்டு, உதவியாளர் நியமனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. வேலை தெரிந்தவர் போய்விட்டால் வன்தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. நான் முதலில் பணியாற்றிய இடத்தில், எங்களுக்கு முன் ஒரு குழு அதே பகுதியில் எடுத்திருந்த களப்பதிவுகள் முழுவதுமாகத் தொலைந்துபோயிருந்தன. அவர்கள் கேட்டு எழுதிய நீர்பாய்ச்சிகளில் சிலர் அதற்குள் காலமாகியும் விட்டார்கள். செயற்கைக்கோள் படம் எத்தனை ஆண்டுக்கு முந்தையதானாலும் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத் தொகுப்பு முழுவதும் 2008 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பெரியவர் சொன்ன மறுகால் பாதையை அப்படி மீட்க முடியாது. அதனால்தான் இப்போது களத்தாள்களை வீடு திரும்பிய அன்றே படமெடுத்து, ஊர், நாள், பதிவு செய்தவர் ஆகிய மூன்றும் கோப்பின் பெயரிலேயே வரும்படி சேமித்து, மூலத்தாளைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கிறோம்.

முதல் ஆண்டு மாணவர்களுக்கு இப்போது கணினி ஆய்வகத்தைத் திறப்பதற்கு முன் அவர்களுடைய சொந்த ஊர் நீர்நிலை ஒன்றின் வரைபடத்தைக் கையால் வரைந்து வரச் சொல்கிறேன். வரத்துக்கால் எங்கே என்று பலருக்கும் தெரிவதில்லை. வீட்டில் கேட்டு வருகிறார்கள். அதற்குப் பிறகு கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் அதே இடத்தைத் திறந்து பார்க்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கின்றன. மென்பொருளும் பெரும்பாலான தரவும் இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினி இருந்தால் வீட்டிலிருந்தே கற்கலாம் என்பதால், ஊராட்சிகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதே முறையில் பயிற்சி தருகிறோம்.

அந்தப் பெரியவர் திருத்திய வரைபடத்தைப் புதிதாக அச்சடித்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அடுத்து வந்த மழைக்காலத்தில், நவம்பர் கடைசியில் ஒரு காலை, அவருடைய பேரனின் தொலைபேசியிலிருந்து அழைத்தார். "மறுகால் பாயுது தாயி, ஒங்க படத்துல தெரியுதா?" என்றார். அந்த வாரத்து ரேடார் படத்தைத் திறந்து பார்த்தேன். உள்வாயின் கரையோரத்தில், கருவேலம் இல்லாத பகுதியில் மட்டும் கறுப்பு படர்ந்திருந்தது. மறுகால் போகும் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. கால்வாய் பிக்சலைவிடக் குறுகியது, மேலே மரம் வேறு. தெரியவில்லை ஐயா என்று சொன்னேன்.

"அப்ப வந்து பாத்துட்டுப் போ" என்றார். மறுநாள் மூன்று மாணவர்களோடு கிளம்பினேன்.